சுற்றுச்சுவரின் கணக்கு மண்ணுக்கடியில் தொடங்குகிறது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வீடு கட்டுவோர் போடும் செலவுக் கணக்கில் சுற்றுச்சுவர் பெரும்பாலும் கடைசி வரியாகவே இடம்பெறுகிறது. கடைக்கால், தளம், மரவேலை, மின்வேலை ஆகிய அனைத்துக்கும் போக மிஞ்சும் தொகைக்குள் அதை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். வீட்டின் சுவர்களுக்குக் கூரையும் குறுக்குச் சுவர்களும் பிடிமானம் தருகின்றன. சுற்றுச்சுவரோ மேலே எந்தப் பிடிப்பும் இல்லாமல், ஒரு பக்கம் அண்டை நிலத்தையும் மறுபக்கம் தெருவையும் ஒட்டி, வெயிலிலும் மழையிலும் தனித்து நிற்க வேண்டியதாகிறது. ஆகவே அதன் உயரத்தையும் கேட்டின் தோற்றத்தையும்விட, எல்லைக்கோடு எங்கே செல்கிறது, அடியிலுள்ள மண் எத்தகையது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்னும் மூன்று கேள்விகளே செலவைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றுக்கும் விடை காணாமல் வாங்கப்படும் எந்த விலைப்புள்ளியும் அரைகுறையானதே.

இந்த வட்டாரத்தின் நிலம் இக்கேள்விகளை மேலும் கூர்மையாக்குகிறது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதே பத்தாண்டில் ஆவடியில் உருவான கனரக வாகனத் தொழிற்சாலையும் பெருந்திரளான குடும்பங்களை இங்கே அழைத்து வந்தன. அவர்களுக்காக மனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலத்தில் கணிசமான பகுதி, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நன்செய். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றைச் சுற்றியுள்ள பல தெருக்கள் பழைய வயல்களின் மீதும் வாய்க்கால்களின் ஓரத்திலும் அமைந்தவை என்பதால், அங்கே கடைக்கால் தோண்டும்போது மேலே கொட்டி நிரப்பிய மண்ணும் அதன் கீழே களிமண்ணும் அடுத்தடுத்து வெளிப்படுவது வியப்பல்ல.

முதற்செலவு நில அளவைக்கானது. கிரயப் பத்திரம் மனையை அடிக்கணக்கில் சொல்கிறது. பட்டா அதே மனையை ஹெக்டேர், ஏர் என்ற அலகுகளில் பதிவு செய்கிறது. புலப்படம் எனப்படும் வருவாய்த்துறை வரைபடம் பக்க அளவுகளை மீட்டரில் காட்டுகிறது. நாற்பதுக்கு அறுபது அடியுள்ள ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2400 சதுர அடி, ஐந்தரை சென்ட் அளவும், மெட்ரிக் முறையில் ஏறத்தாழ 223 சதுர மீட்டரும் ஆகும். அலகு மாற்றத்தில் சில அங்குலங்கள் கரைவதும், ஒரு மனைக்காரர் விட்ட பிழை வரிசையிலுள்ள அடுத்தடுத்த மனைகளுக்கெல்லாம் தள்ளிக்கொண்டே போவதும் பழைய மனைப்பிரிவுகளில் வழக்கமாகவே காணப்படுகிறது. அனுமதி பெறாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு 2017இல் கொண்டுவந்தது; அத்தகைய பிரிவுகளில் மனை வாங்கியோருக்கு உட்பிரிவு செய்த பட்டா இல்லாமல் பழைய கூட்டுப் பட்டாவே தொடர்ந்தால், புலப்படத்தில் அவர்களுடைய மனை தனியாகத் தெரியாது. அந்நிலையில் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து முடித்த பிறகு சுவரைத் தொடங்குவதே முறை; அதனால் ஏற்படும் தாமதத்தையும் கணக்கில் ஓர் இனமாகவே கொள்ள வேண்டும்.

எல்லையைக் குறிக்கும் நில அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பை, 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் நில உடைமையாளரிடமே வைக்கிறது. அளந்து காட்டும்படி வருவாய்த்துறையிடம் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க இப்போது இணையவழியும் உண்டு. அரசு நில அளவர் வரும் நாளில் இரு பக்கத்து அண்டை வீட்டாரும் உடனிருந்து, அவர் காட்டும் புள்ளிகளில் கல் நட்டு, அதைப் படமெடுத்து, ஒரு தாளில் கையொப்பமிட்டுக்கொள்வது, பின்னாளில் உரிமையியல் நீதிமன்றத்தில் செலவாகக்கூடிய ஆண்டுகளையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். மெட்ரோ ரயில் பாதை பூந்தமல்லி வரை நீண்டு, நிலத்தின் விலை ஏறியுள்ள இக்காலத்தில், அரை அடி விலகலைப் பொருட்படுத்தாமல் விடும் பெருந்தன்மையை எவரிடமும் எதிர்பார்க்க இயலாது.

சுவரின் கனமும் நிலத்தின் விலையோடு பிணைந்தது. ஒரு கிரவுண்ட் மனையின் நான்கு பக்கங்களிலும் ஒன்பது அங்குலச் சுவரை முழுமையாகத் தம் நிலத்திற்குள்ளேயே எழுப்பினால், அது ஏறத்தாழ 148 சதுர அடியை, அதாவது மனையில் ஆறு சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நாலரை அங்குலச் சுவர் எடுப்பது அதில் பாதி. இதனால்தான் பக்கத்து வீட்டாரோடு பேசி எல்லைக்கோட்டின் மீதே பொதுச்சுவர் எழுப்புவது இருவருக்கும் ஆதாயமாகிறது. ஆனால் செலவைச் சரிபாதியாகப் பகிர்வது இருவரின் உடன்பாட்டைப் பொறுத்தது என்பதால், சுவரின் இடம், கனம், உயரம், பங்குத்தொகை, பின்னர் யார் மேலே உயர்த்தலாம் என்பவற்றை வேலை தொடங்குமுன்பே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் உடன்படாவிட்டால் கடைக்காலின் அகலம் முழுவதும் உள்நோக்கியே அமைய வேண்டும். சுவர் கடைக்காலின் நடுவில் அமராமல் ஒரு விளிம்பில் அமர்வதால் அது வெளிப்பக்கம் சாய முற்படும். அதைத் தடுக்கத் தூண்களை இணைத்து ஓடும் கம்பி கட்டிய கான்கிரீட் உத்திரம், அதாவது பிளிந்த் பீம், தேவைப்படுகிறது. விலைப்புள்ளியில் இது இருக்கிறதா என்று பார்ப்போர் மிகச் சிலரே.

விலைகள் மாதந்தோறும் மாறுபவை. 2025 ஏப்ரலில் கனிம நிலவரி நடைமுறைக்கு வந்ததையொட்டி ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் ஒற்றைத் தொகையைவிடப் பொருளளவுகளே நம்பத்தக்கவை. அளவு கையில் இருந்தால் அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு கிரவுண்ட் மனையின் சுற்றளவு 200 அடி. ஐந்தடி உயரத்தில், கேட்டைக் கழிக்காமல் பார்த்தால், சுவரின் ஒரு முகம் 1000 சதுர அடி ஆகிறது. கலவை இணைப்பையும் சேர்த்து ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலம் என்று செங்கலை வைத்தால், நாலரை அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ 5,300 கற்களும் ஒன்பது அங்குலச் சுவருக்கு அதைப்போல் இரு மடங்கும் வேண்டும். பதினாறுக்கு எட்டு அங்குல முகமுள்ள ஹாலோ பிளாக் அல்லது சாலிட் பிளாக் என்றால் 1,125 கற்கள் போதும். கலவையும் கொத்தனாரின் நாட்களும் அதற்கேற்பக் குறைகின்றன. நாலரை அங்குலச் சுவர் ஐந்தடி உயரத்தில் தானே நிற்காது என்பதால் எட்டு முதல் பத்தடிக்கு ஒரு தூண் வேண்டும். அவ்வகையில் தூண்கள் இருபதுக்குக் குறையா.

பூச்சு வேலையில் கணக்கு அடிக்கடி தவறுகிறது. சுவருக்கு இரண்டு முகங்கள் இருப்பதால் பூச வேண்டிய பரப்பு 2000 சதுர அடி. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றுக்கு ஐந்து கலவையில், அதற்கு ஏறத்தாழ 14 மூட்டை சிமென்டும், ஒரு யூனிட் பி-சாண்டும் ஆகும். யூனிட் என்பது 100 கன அடியைக் குறிக்கும் லாரிக் கணக்கு. பி-சாண்ட் என்பது பூச்சுக்கென்று நைசாகச் சலித்த எம்-சாண்ட். அண்டை வீட்டுப் பக்கத்தைப் பூசாமல் விடுவது மிச்சம் போலத் தோன்றினாலும், செங்கல் ஈரத்தை உறிஞ்சி உட்பக்கத்துப் பூச்சையும் சேர்த்தே உதிர்த்துவிடும்.

கடைக்காலுக்கு வந்தால் இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று 200 அடி நீளத்திற்கு வெட்டும்போது வெளியேறும் மண் 1000 கன அடி, அதாவது பத்து யூனிட். மேலே கட்டும் சதுர அடிக்குச் சமமான கன அடியில் கீழே தோண்ட வேண்டியிருப்பதை இந்த எண் காட்டுகிறது. மண்ணை அகற்றும் லாரி வாடகையும், அந்தக் குழியை நிரப்பும் கருங்கல்லும் கான்கிரீட்டும் தனிச்செலவுகள். ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் களிமண் உள்ள இடத்தில் ஆழமில்லாத கருங்கல் கடைக்கால் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதால், சுவரில் படிக்கட்டு வடிவ வெடிப்புகள் தோன்றும். அத்தகைய மனையில் நிரப்பு மண்ணைத் தாண்டி இறங்கும் தூண் குழிகளும் பிளிந்த் பீமும் சேர்ந்த அமைப்பே ஏற்றது. செலவு கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்கலாகாது. நீண்ட சுவரை ஒரே துண்டாக இழுக்காமல் இடையிடையே விரிவு இடைவெளி விடுவதற்கோ கூடுதல் செலவே கிடையாது.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, தெருவைவிட உயரமாக மனைக்குள் மண்ணடித்துவிட்டு, அந்த மண்ணைச் சாதாரணச் சுற்றுச்சுவரே தாங்கும் என்று விட்டுவிடுவது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்டோர் தம் மனையை உயர்த்த விரும்புவது இயல்பே. ஆனால் ஒரு பக்கம் மண் ஏறிய கணத்திலேயே அது சுற்றுச்சுவர் என்ற நிலையிலிருந்து மாறி மண்தாங்கு சுவராகிவிடுகிறது. மண்ணின் பக்க அழுத்தம் உயரத்தின் இருமடிக்கு ஏற்பவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பவும் பெருகும். ஒன்றரை அடி நிரப்பை மூன்றடியாக்கினால் கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகிறது. நீர் வடிய வழியில்லாமல் மூன்றடிக்குத் தேங்கினால், நீரின் அழுத்தம் மட்டுமே ஓர் அடி நீளச் சுவரின்மீது ஏறத்தாழ 127 கிலோ. பத்தடித் துண்டுக்கு அது ஒன்றேகால் டன்னைத் தாண்டுகிறது.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டத்தின் உப்பரபாளையத்தில், மழைக்குப் பின் கிடங்கு ஒன்றின் உயர்ந்த சுற்றுச்சுவர் சரிந்ததில், அதையொட்டிய குடிசைகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள் 11 பேர் இறந்தனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் கனமழையில் இடிந்த சுற்றுச்சுவர், உறங்கிக்கொண்டிருந்த 17 பேரின் உயிரைப் பறித்தது. சுவரைக் கட்டியவரின் நிலத்தில் அல்லாமல் அதன் மறுபக்கத்தில் வாழ்ந்தோரே இவ்விரு நிகழ்விலும் மாண்டனர் என்பது, சுற்றுச்சுவரின் உறுதியை ஒருவருடைய சொந்தச் செலவுக் கணக்காக மட்டும் கருத முடியாதவாறு செய்கிறது. எனவே இரண்டடிக்கு மேல் மண் நிரப்பும் எவரும் கட்டமைப்புப் பொறியாளரின் வடிவமைப்புக்குத் தனியே தொகை ஒதுக்க வேண்டும்; சுவரின் அடிப்பகுதியில் குழாய்த் துண்டுகளைப் பதித்து நீர் கசிந்து வெளியேற வழிவிடுவதும், அதன் பின்னே ஜல்லி அடுக்குவதும், அந்த நீர் பக்கத்து மனைக்குள் பாயாமல் வடிகாலைச் சேரும்படி செய்வதும் அவ்வடிவமைப்பின் பகுதிகள்.

நீர் செல்லும் வழியின் குறுக்கே சுவர் எழுப்பலாகாது என்பதும் இங்கேயே சொல்லத்தக்கது. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குச் செல்வதுபோல், இந்த வட்டாரத்து ஏரிகள் கால்வாய்களால் ஒன்றோடொன்று பிணைந்தவை. வாய்க்கால் புறம்போக்கில் நீளும் சுவர் எப்போதேனும் அகற்றப்படும் ஆக்கிரமிப்பாகும். அதற்குள் அது எத்தனை வீடுகளுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடும் என்பதே பெரிய கேள்வி.

தெருவின் மட்டம் மற்றொரு மறைவான இனம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்பே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்துவதற்கு முன், அடுக்கின்மேல் அடுக்காகப் போடப்பட்ட சாலைகள் பல வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டன. கேட்டின் அடிமட்டத்தை இன்றைய சாலையோடு ஒட்டி வைக்காமல் சற்று உயர்த்தி வைப்பதும், சாய்தளத்தைத் தெருவில் நீட்டாமல் மனைக்குள்ளேயே அமைப்பதும், கதவு உட்பக்கமாகவோ பக்கவாட்டில் நகர்ந்தோ திறக்கும்படி செய்வதும் முன்கூட்டியே எண்ணத்தக்கவை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியிலும், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சியாகவும், பூந்தமல்லி நகராட்சியாகவும் இருப்பதால், கட்டட அனுமதி வரைபடத்தில் சுற்றுச்சுவரையும் சேர்த்துக் காட்ட வேண்டிய அலுவலகம் இடத்துக்கு இடம் வேறுபடும்.

வீடு கட்டச் சில ஆண்டுகள் ஆகும் என்ற நிலையில் உள்ளோர் சுவருக்கு மாற்றாக வேலியை நினைக்கலாம். கான்கிரீட் தூண்களின் பள்ளங்களில் பலகைகளைச் செருகும் ரெடிமேட் காம்பவுண்ட் விரைவில் முடியும். ஆயினும் சதுர அடிக் கணக்கில் புதைந்துள்ள பகுதியும் சேர்கிறதா என்பதை முதலிலேயே கேட்க வேண்டும். கம்பி வலை வேலியில் கேஜ் என்னும் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 10 கேஜ் கம்பி 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர்; ஒரே நீளத்துக்கு முன்னதன் எடை ஒன்றரை மடங்கு. ஆகவே கேஜைக் குறிப்பிடாத விலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆடுமாடு வாய்வைக்காத நொச்சியும் ஆடாதொடையும் கொண்டு அமைக்கும் உயிர்வேலி மிகக் குறைந்த செலவில் முடிவது. ஆனால் கவனிக்க ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் கதியால் நட்டு, முடைந்த தென்னோலையாகிய கிடுகைக் கட்டி அடைக்கும் வேலிகளுக்கு, கிடுகை மாற்றிக் கட்டும் செலவு குடும்பக் கணக்கில் மீண்டும் மீண்டும் வருவது. சென்னைப் புறநகரில் சுவர் கட்டுவோர் இத்தகைய பராமரிப்புத் தொகையை ஒதுக்குவதே இல்லை. எனினும் வண்ணப்பூச்சு, வெடிப்படைப்பு, கேட்டின் துரு ஆகியவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு வைக்கவே செய்யும்.

காலத்தேர்வும் பணம்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குழிகளில் நீர் நின்று, இறைக்கும் செலவும் சரிந்த ஓரங்களை மீண்டும் வெட்டும் கூலியும் சேரும். மே மாதத்திலோ கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் லாரியை அழைக்க நேரலாம். மழை விட்டு மண் இறுகியபின், ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான வாரங்கள் ஏற்றவை. மேஸ்திரிக்குத் தரும் தொகையை, கடைக்கால் முடிந்தபின் ஒரு பகுதி, பிளிந்த் பீம் முடிந்தபின் ஒரு பகுதி, சுவர் எழும்பியபின் ஒரு பகுதி, இரு முகமும் பூசி நீர்த்துளைகளைத் திறந்து காட்டியபின் எஞ்சியது என்று வேலையின் படிகளோடு பிணைத்து எழுதிக்கொண்டு, மொத்தத்தில் பத்து சதவீதத்தையாவது கடைக்காலில் எதிர்பாராமல் தென்படும் மண்ணுக்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும். கேட்டுக்கு முன்பணம் கொடுப்பது அந்த மண்ணைப் பார்த்த பிறகுதான்.