விக்கெட் விழுந்தா விசில் அடிச்சோம்!

முதலில் ஒரு வாக்குமூலம் பாஸ். 2025 மார்ச் 28-ம் தேதி ராத்திரி, சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸின் ஏழாவது விக்கெட் விழுந்தபோது, கருமத்தம்பட்டி பேக்கரி ஒன்றில் எழுந்து நின்று விசில் அடித்த கும்பலில் நானும் இருந்தேன்.

‘நம்ம டீம் விக்கெட்டுக்கு நாமே விசிலா... லூஸாடா நீ?’ என்றுதானே கேட்கிறீர்கள்? அட, அடுத்து இறங்கப் போவது தோனி! பெங்களூரு வைத்த டார்கெட் 197. நம்ம ஸ்கோர் 99-க்கு ஏழு. மேட்ச் போச்சு என்பது கிரிக்கெட்டே பார்க்காத டீ மாஸ்டருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஆனாலும் டி.வி-யில் 7-ம் நம்பர் முதுகு தெரிந்ததும் பேக்கரியே அதிர்ந்தது. தல 16 பந்தில் 30 ரன் அடித்தார். கடைசி ஓவரில் சிக்ஸர் பறந்தது. நாங்கள் தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பினோம்.

50 ரன் வித்தியாசத்தில் தோல்வி. 2008-க்கு அப்புறம் சேப்பாக்கத்தில் பெங்களூரு நம்மை ஜெயித்தது அன்றைக்குத்தான். 17 வருஷத்துக் கோட்டை உடைஞ்சு கிடக்குது, நாங்க பன் சாப்பிட்டுட்டு சிரிச்சுக்கிட்டே போறோம்!

அந்தச் சந்தோஷத்தில் ஏதோ தப்பு இருக்கு என்பது எனக்கு உறைக்க ஒரு முழு சீசன் ஆச்சு.

தறியும் ஓடலை... டீமும் ஓடலை!

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. கோவையிலிருந்து அவிநாசி போகிற நெடுஞ்சாலையில், கணியூர் டோல்கேட்டைத் தாண்டினால் கருமத்தம்பட்டி. ஒரு பக்கம் சோமனூர்... விசைத்தறிச் சத்தம். இன்னொரு பக்கம் திருப்பூர்... பனியன் கம்பெனி. சேப்பாக்கம் இங்கேயிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். எங்க பேக்கரி கோஷ்டியில் அங்கே போய் மேட்ச் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. ஆனாலும் டீமுக்கு ஒண்ணுன்னா இங்கே ராத்தூக்கம் போயிடும்.

2025 சீசன் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால, மார்ச் 19-ம் தேதி, கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் தறிகளை நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஒரு மாசம் ஸ்ட்ரைக். ராவும் பகலும் ‘தடக் தடக்’ என்று ஓடிக்கொண்டிருந்த ஊர் கப்சிப். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகின எனக்கு, சத்தம் இல்லாததால தூக்கம் வரலை.

வேலை இல்லாத அண்ணன்களுக்கு சாயங்காலமானால் பேக்கரிதான். ஒரு டீயை ரெண்டு பேர் பகிர்ந்துகொண்டு மேட்ச் பார்ப்பார்கள். ஏப்ரல் 11 கொல்கத்தா மேட்ச். முழங்கை எலும்பு முறிவால் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் சீசனை விட்டே விலக, தோனி திரும்பவும் கேப்டன். ‘தல வந்தாச்சு, இனிமே பாரு’ என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 20 ஓவர் ஆடி 103 ரன். சேப்பாக்கத்தில் சென்னை அதுவரை அடித்ததிலேயே குறைந்த ஸ்கோர். தோனி ஒரே ஒரு ரன். கொல்கத்தா 10.1 ஓவரில் கதையை முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. சென்னை வரலாற்றில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை.

எதிர் பெஞ்சில் இருந்த தறிக்கார அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தறியுந்தான் ஓடலை... இவனுங்களாச்சும் ஓடுவானுங்கன்னு பார்த்தா, இவனுங்களும் நின்னுட்டானுங்களே கண்ணு!”

யாரும் சிரிக்கலை. பேக்கரி ஓனர் ரிமோட்டை எடுத்து டி.வி-யை அணைத்தார். அந்த சீசனில் மேட்ச் முடிந்தவுடனே டி.வி அணைந்தது அன்றைக்குத்தான். வழக்கமாகத் தோனி பேசுகிற வரைக்கும் காத்திருப்போம்.

14 பேப்பர்... 4 பாஸ்!

இன்ஜினீயரிங் பாஷையில் சொல்லணும்னா, அந்த சீசனில் நம்ம டீம் 14 பேப்பர் எழுதி 4-ல்தான் பாஸ். மிச்சம் 10 அரியர். காலேஜாக இருந்தால் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று சொல்லியிருப்பாங்க. பத்து டீமில் பத்தாவது இடம். ஐந்து கோப்பை வாங்கிய டீம், பத்து ஃபைனல் பார்த்த டீம், முதல் தடவையாகக் கடைசி பெஞ்ச். சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு மேட்ச்சில் முதல் மேட்ச்சில் மும்பையை ஜெயித்ததோடு சரி. பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 30 ராத்திரி பஞ்சாப் மேட்ச்சோடு ப்ளே ஆஃப் கனவும் காலி.

தோற்றதில் மட்டும் கோபம் என்றால் அடுத்த மேட்ச்சில் ஆறிப் போயிருக்கும். எங்க கோஷ்டியின் நிஜமான ஆத்திரம் வேற. என் கிளாஸ்மேட் ஒருத்தன், கம்ப்யூட்டர் லேபில் புரொகிராம் எழுதச் சொன்னால் ஐ.பி.எல் கணக்கு எழுதுகிற ஆள். அவன் ஒரு லிஸ்ட் போட்டான். “2025-ல அதிக ரன் யாரு? சாய் சுதர்சன், 759. எந்த ஊரு? நம்ம மெட்ராஸ். டி.என்.பி.எல்-ல எந்த டீமுக்கு ஆடி வளர்ந்தான்? நம்ம கோவை கிங்ஸ். ஐ.பி.எல்-ல எந்த டீம்? குஜராத்!”

எனக்கு 2023 ஃபைனல் ஞாபகம் வந்தது. அதே சாய் சுதர்சன் அன்றைக்கு 47 பந்தில் 96 அடித்தார்... நமக்கு எதிராக. சந்தோஷப்படுறதா, அழுறதா? மழைக்கு அப்புறம் நடுராத்திரி தாண்டி ஜடேஜா கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் காப்பாற்றியதால் அந்தக் கேள்வியை மறந்துட்டோம்.

இன்னொரு பெயர் சாய் கிஷோர். 2020, 2021 என்று ரெண்டு சீசன் சென்னை டீமில் இருந்தார். ஒரு மேட்ச்கூடக் கொடுக்கலை. அப்புறம் அவரும் குஜராத் போனார். அதே சாய் கிஷோர் கேப்டனாக இருந்துதான் 2025 ஜூலையில் திருப்பூர் தமிழன்ஸ், டி.என்.பி.எல் கோப்பையை வாங்கியது. ஃபைனலில் திண்டுக்கல்லை 118 ரன்னில் ஊதித் தள்ளினார்கள். எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேர்கிற திருப்பூர்! ஆனால் உண்மையைச் சொல்லணும்... அன்றைக்கு எங்க பேக்கரியில் ஒரு பட்டாசுகூட வெடிக்கலை. 2022, 2023-ல் கோப்பை, 2024-ல் ஃபைனல் என்று இருந்த கோவை கிங்ஸ் 2025-ல் ப்ளே ஆஃப் பக்கமே போகாமல் வெளியேறினப்பவும் யாரும் பட்டினி கிடக்கலை.

“பக்கத்து ஊரு ஜெயிச்சா கண்டுக்க மாட்டோம். 500 கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் கிளவுஸ் மாட்டுனா மட்டும் ஊரே கூடுது. அப்ப நாம யாரோட ஃபேன்ஸுடா?” என்று கேட்டான் நம்ம லிஸ்ட் பார்ட்டி. நான் வாயை மூடிக்கொண்டேன். மார்ச் 28-ல் அடித்த விசில் காதுக்குள்ளேயே கேட்டது.

மே 3... அந்த 17 வயசுப் பையன்

ப்ளே ஆஃப் வாய்ப்பு போன பிறகு வந்த மேட்ச். பெங்களூருவில் பெங்களூருவோடு. டார்கெட் 214. பேக்கரியில் பாதி பெஞ்ச் காலி. தறிகள் திரும்ப ஓட ஆரம்பித்திருந்ததால் அண்ணன்களில் பாதிப் பேர் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

ருதுராஜுக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரே இறங்கினான். (நம்மை விடச் சின்னவன், ‘ன்’ போடலாம்!) 17 வயசு. நாமெல்லாம் அந்த வயசில் ப்ளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் புவனேஷ்வர் குமாரை அடித்துக்கொண்டிருந்தான். 48 பந்தில் 94. இன்னொரு பக்கம் ஜடேஜா. ஜெயிச்சிருவோம் போலிருக்கே என்று போன் பறந்து, காலியான பெஞ்சுகள் மறுபடி நிறைந்தன.

17-வது ஓவர். லுங்கி இங்கிடி பந்தில் மாத்ரே அவுட். அடுத்த பந்திலேயே பிரேவிஸ் எல்.பி.டபிள்யூ. ரிவ்யூ கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அம்பயர் கையை விரித்தார். அடுத்து யார்? தோனி.

வழக்கப்படி கூரை பிய்ந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என்னாச்சு தெரியுமா... ஒருத்தர்கூட விசில் அடிக்கலை. “அய்யோ, அந்தப் பையன் இன்னும் ரெண்டு ஓவர் நின்னிருக்கலாமே” என்று பின்னாடியிலிருந்து ஒரு குரல். எனக்கும் அதேதான் தோணுச்சு. நம்ம டீம் விக்கெட் விழுந்ததுக்கு நான் வருத்தப்பட்டு எத்தனை நாளாச்சு!

ரெண்டே ரன்னில் தோற்றோம். பாயின்ட்ஸ் டேபிளுக்கு அந்த மேட்ச்சால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே வலித்தது. ஷட்டரை இறக்கும்போது பேக்கரி ஓனர் கேட்டார்: “ஏந்தம்பி, தோத்ததுக்கு இன்னைக்குத்தான் மூஞ்சி தொங்குது?” எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அமெரிக்காவிலும் அழுதாங்க!

ரசிகனுடைய கையில் என்னதான் இருக்கு என்று தேடியபோது ஒரு பேஸ்பால் கதை கிடைத்தது. அமெரிக்காவில் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் என்று ஒரு டீம். 1968-லிருந்து அந்த ஊரில் ஆடியது. ஓனர் செலவைக் குறைத்து, நல்ல வீரர்களை ஒவ்வொருத்தராக அனுப்பிவிட்டு, டீமையே லாஸ் வேகாஸுக்குத் தூக்கிக்கொண்டு போகத் திட்டம் போட்டார். ‘கூட்டமே வர்றதில்லை’ என்று பேச்சு வேறு. 2023 ஜூன் 13-ம் தேதி ரசிகர்கள் ஒரு வேலை செய்தார்கள். வழக்கமாகக் காத்தாடுகிற ஸ்டேடியத்துக்கு 27 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் திரண்டு, ‘டீமை வித்துடு’ என்று பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கத்தினார்கள். அப்படியும் 2024 சீசனோடு டீம் ஊரைக் காலி செய்துவிட்டது.

நமக்கும் அந்தப் பயம் ஒரு தடவை வந்திருக்கு. 2015 ஜூலையில் லோதா கமிட்டி ரெண்டு வருஷம் சஸ்பெண்ட் செய்தபோது நான் ஸ்கூல் பையன். மஞ்சள் பனியனை அம்மா மடித்து பீரோவில் வைத்தது ஞாபகம் இருக்கு. 2018-ல் திரும்பி வந்தபோது அது பத்தலை! அந்த வருஷம் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது. மற்றதெல்லாம் புனேவுக்கு மாறின. ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் புனேவுக்கே போனார்கள். கோப்பையும் வந்தது. அந்த ரயிலில் போனவர்களில் தோனிக்காகப் போனவர் எத்தனை, டீமுக்காகப் போனவர் எத்தனை? அன்றைக்குப் பிரித்துப் பார்க்க அவசியமே வரலை. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

7-ஆ... வேற நம்பரா?

2025 மே 25. அகமதாபாத்தில் குஜராத்தை 83 ரன்னில் ஜெயித்துக் கடைசி மேட்ச்சை முடித்தார்கள். ‘அடுத்த வருஷம் ஆடுவீங்களா?’ என்று தோனியிடம் கேட்டார்கள். முடிவெடுக்க நாலைந்து மாசம் இருக்கு, அவசரமில்லை என்ற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போனார். ஜூலையில் அவருக்கு 44 வயசு. ஆகஸ்ட்டில் அஸ்வின் ஐ.பி.எல்-லிருந்து ஓய்வு. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023-ல் கோப்பையை அடித்துக் கொடுத்த ‘தளபதி’ இன்னொரு டீம் சட்டையில்! எங்க கோஷ்டியில் ரெண்டு பேர் ஒரு வாரம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசலை. டிசம்பர் ஏலத்தில் இன்னும் பெரிய ஆச்சரியம். பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா... ஆளுக்கு 14.20 கோடி. ஒருத்தருக்கு 20 வயசு, இன்னொருத்தருக்கு 19. அதாவது என் வயசு!

கோபம் தீர்ந்துச்சா என்றால், இல்லீங்க. தமிழ்நாட்டுப் பசங்க ஏன் வேற வேற டீம்ல ஜொலிக்கிறாங்க என்ற கேள்வி அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு விஷயம் மாறிடுச்சு. டீம் தோனியையே நம்பி உட்கார்ந்திருக்கு என்று திட்டிக்கொண்டிருந்த நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தால் போதும், ஜெயிக்கவே வேண்டாம் என்று இருந்தோம். ஒன்பதாவதாக இறங்கினாலும் விசில் அடித்தோம். விசில் கேட்கிற வரைக்கும் யார் எதை மாத்துவாங்க?

எங்க டிபார்ட்மென்ட் டீமுக்கு ஜெர்ஸி அடிக்க அந்த டிசம்பரிலேயே திருப்பூர் போனோம். வழக்கமாக அடிக்கிற அதே பிரின்டிங் யூனிட். வழக்கமான அதே மஞ்சள். அங்கே இருக்கும் அண்ணன் நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, எங்க முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

“பதினொண்ணுக்கும் 7-தானுங்க தம்பி?”

போன வருஷம் அந்த நம்பருக்காகச் சண்டை போட்டு, சீட்டுக் குலுக்கி, கடைசியில் பதினொரு பேருமே 7 போட்டுக்கொண்டு ஆடினவங்க நாங்க. ஸ்கோர் எழுதுகிற ஜூனியர் அழாத குறை. ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.

“இல்லீங்ணா...” என்றான் எங்க விக்கெட் கீப்பர். “எனக்கு மட்டும் 7. மத்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதிக்கங்க.”

அண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். எனக்கு எந்த நம்பர் என்று நான் இன்னும் யோசித்திருக்கவே இல்லை.