நாலு பேட்டரியில் ஓடிய ஆபீஸ்

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரேடியோ ஷாக் கடைகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. நோட்டுப் புத்தக அளவு. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. திரையில் எட்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து, அவ்வளவுதான். விலை 799 டாலரில் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ரகப் பேட்டரி நான்கு போட்டால் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடியது. வகுத்துப் பார்த்தால் அது தின்ற மின்சாரம் அரை வாட் அளவுதான். அதே நான்கு பேட்டரியைக் கொண்டு இன்றைய 60 வாட் லேப்டாப் ஒன்றை ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

அந்த ஆண்டுதான் ஸ்டீவ் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரையொட்டி இருந்த தன் வீட்டைக் கைவிட்டு, இந்தக் கம்ப்யூட்டருடன் ஊர் சுற்றக் கிளம்பினார். அவருடைய வண்டி வேன்கூட அல்ல. சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். அதில் சின்னதாக ஒரு சோலார் தகடு. பகலில் மிதிப்பது, தங்குகிற இடத்தில் எழுதுவது, தொலைபேசி கிடைத்த இடத்திலிருந்து கட்டுரையை அனுப்புவது என்று சுமார் 16,000 கிலோமீட்டர் போனார். ஓடுகிற வண்டியை வீடாகவும் அலுவலகமாகவும் ஆக்கிக்கொள்வது நடக்கிற காரியம்தான் என்பதை முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

அன்று அனுப்புவது ஒரு தனிச் சடங்கு. பொதுத் தொலைபேசியின் ரிசீவரைக் கவிழ்த்து, அதன் காதும் வாயும் இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் கச்சிதமாக அமுங்கும்படி பொருத்த வேண்டும். எழுத்து ஒலியாக மாறிக் கம்பிவழி போகும். வேகம் வினாடிக்கு 30 எழுத்து. ஆயிரம் சொல் ஆங்கிலக் கட்டுரைக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் நாலு எழுத்து கெட்டுப்போகும். அந்த வேகத்தில் இன்றைய செல்போன் படம் ஒன்றை, 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம், அனுப்பினால் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். படம் அனுப்ப அன்று யாரும் நினைக்கவில்லை. அனுப்ப வேண்டியது எழுத்துதான், எழுத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால் 1960 செப்டம்பர். நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் தன் 58ஆம் வயதில் சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். ஜிஎம்சி பிக்கப் லாரியின் முதுகில் படகு அறை போன்ற ஒரு சிறு வீட்டை ஏற்றி, அதற்கு ‘டான் கிஹோட்டே’ நாவலில் வரும் குதிரையின் பெயரான ரோசினாண்டே என்று பெயர் வைத்தார். உள்ளே கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், டைப்ரைட்டர், வேண்டிய காகிதம். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் சோப்பும் அழுக்குத் துணியும் போட்டு எலாஸ்டிக் கயிற்றில் தொங்கவிட்டார். வண்டியின் குலுக்கலே துணியைத் துவைத்தது. வீட்டோடு பேச வேண்டுமானால் வழியில் போன் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தப் பயணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1962இல் வந்தது. பின்னாளில் ஒரு பத்திரிகையாளர் நாள்வாரியாகத் துருவிப் பார்த்துவிட்டு, அவர் பல இரவுகளை ஹோட்டல்களில்தான் கழித்தார் என்று எழுதினார். வேனில் சில வாரம் தூங்கிப் பார்த்தவர்கள் அதை ஒரு குற்றமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைய வண்டிகளும் எளிமையாகத்தான் இருந்தன. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் வோக்ஸ்வாகன் வேனுக்கென்று ஒரு மரச்சாமான் தொகுதி செய்து விற்றது. வார நாளில் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் சரக்கு ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை திரும்ப மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகலாம். இன்ஜின் வெறும் 25 குதிரைசக்தி. மேடு வந்தால் பின்னால் வருகிறவர்கள்தான் பொறுமை காக்க வேண்டும். வேலைக்கு ஒரு வண்டி, விடுமுறைக்கு அதே வண்டி. இரண்டும் ஒரே நேரத்தில் அதற்குள் இருந்ததில்லை. 1970களில் அமெரிக்க இளைஞர்கள் ஃபோர்டு எகோனோலைன், டாட்ஜ் வேன்களை வாங்கிப் பிளைவுட் அறைந்து கட்டில் போட்டபோதும், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே சமைத்து, உட்கார்ந்தே உடை மாற்றினார்கள். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு ட்ரான்ஸிட் போன்ற இன்றைய உயரக் கூரை வேன்களில் உள்ளுயரம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஆறடி ஆள் நின்றுகொண்டே தோசை வார்க்கலாம். அன்று பழைய வேனும் சொந்தத் தச்சு வேலையுமாக முடிந்தது. இன்று தொழில்முறைப் பட்டறையில் கொடுத்துச் செய்தால் வண்டியோடு சேர்த்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

மாற்றத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். அன்று அங்கே இருந்தது நம் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அதே ஈய-அமில பேட்டரி. 80 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே கைக்குக் கிடைத்தது அரை யூனிட் மின்சாரம். இரண்டு விளக்கு, ஒரு ரேடியோ. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், நடுவில் கண்ணாடி ஃபியூஸ், முடிவில் பல்பு. விளக்கு எரியாவிட்டால் ஸ்க்ரூடிரைவரும் அரைமணி நேரமும் இருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்றைய கணக்கு வேறு. லேப்டாப் எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டாவது திரை கால் யூனிட். கூரையில் உள்ள ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத் தட்டு இன்னொரு அரை யூனிட். நாள் முழுதும் ஓடும் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் மற்றோர் அரை யூனிட். விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 2 யூனிட் பக்கம் வருகிறது. இதைத் தாங்க 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைக்கிறார்கள். அதில் இரண்டரை யூனிட் அடங்கும், ஏறக்குறைய அத்தனையும் எடுத்துப் பயன்படுத்தலாம், எடை 25 கிலோ அளவு. ஈய-அமிலத்தில் இதே பயன் வேண்டுமென்றால் நூறு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கும். கூரையில் 400 வாட் சோலார். 1977இல் ஒரு வாட் சோலார் செல்லின் விலை 76 டாலர்; அந்த விலையில் இந்தக் கூரைக்கு 30,000 டாலர் ஆகியிருக்கும். இன்று சில நூறு டாலரில் முடிகிறது.

ஆனால் அந்தப் பேட்டரிப் பெட்டிக்குள் கை வைக்க எல்லோராலும் முடியாது. 12 வோல்ட்டில் 2,000 வாட் இன்வெர்ட்டர் இழுத்தால் கம்பியில் 170 ஆம்பியர் பாயும். அதற்குக் கட்டைவிரல் பருமன் செப்புக் கேபிள், முனையில் ஹைட்ராலிக் கருவியால் நசுக்கிப் பிடித்த உலோக வளையம், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் பெரிய ஃபியூஸ். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஓடுகிற வண்டியின் அதிர்வில் தளர்ந்து சூடாகி, பிளைவுட்டையே பற்ற வைக்கும். லித்தியத்துக்கு இன்னொரு பிடிவாதம்: வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது, உள்ளே இருக்கும் காவல் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். கொலராடோ மலையில் பனி பெய்த காலையில், வெயில் நன்றாக அடித்தும் சார்ஜ் ஏறாமல் போவது இதனால்தான். பேட்டரியில் மீதி 42 சதவீதம் என்று செல்போன் செயலி துல்லியமாகச் சொல்லும். பழைய பல்பு மங்கலாக எரிந்து அதையே சொன்னது, அவ்வளவு துல்லியமாக இல்லாவிட்டாலும்.

மாறாத சங்கதியும் ஒன்று உண்டு. மேசையும் கட்டிலும் ஒரே ஆறடிக்குப் போட்டி போடுகின்றன. அன்று மேசைப் பலகையை இறக்கி மெத்தையை விரித்தால் கட்டில். இன்று கட்டிலை நிரந்தரமாகப் போட்டுவிட்டு, டிரைவர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பி, படகுகளிலிருந்து வந்த சுழல்கால் மேசையை முன்னால் இழுத்துக்கொள்கிறார்கள். மானிட்டரைச் சுவரில் மடங்கும் கை ஒன்றில் பொருத்தி, வண்டி எடுக்கும் முன் மடித்துப் பூட்டுகிறார்கள். மறந்தால் முதல் திருப்பத்திலேயே அது ஞாபகப்படுத்திவிடும்.

இணைய வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய செயற்கைக்கோள் இணைய வசதி 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது. பேசினால் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது. 2022இல் வண்டிகளுக்கென்று அதன் சேவை தொடங்கியபின், செல்போன் டவர் எட்டாத நெவாடா பாலைவனத்திலிருந்தும் வீடியோ மீட்டிங்கில் உட்காரலாம். இடம் மாறியபடி கணினி வேலை செய்யும் அமெரிக்கர்கள் 2019இல் 73 லட்சம் என்றும் 2023இல் 1 கோடியே 73 லட்சம் என்றும் எம்பிஓ பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேரும் வேனில் இல்லை. ஆனால் மாதச் சம்பளக்காரர் வேனில் வசிப்பது இப்போதுதான் சாத்தியமாயிற்று. முன்பு அது எழுத்தாளருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் மட்டுமே வாய்த்தது. பதிலுக்குச் சம்பளக்காரர் நியூயார்க் நேரத்துக்கு எழுந்திருக்கிறார். ராபர்ட்ஸின் பத்திரிகை ஆசிரியர்கள் அவரைக் கூப்பிட நினைத்தாலும் முடிந்திராது. அவராகப் போன் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

அந்தப் போன்களும் போய்விட்டன. நியூயார்க் மாநகரம் தன் கடைசிப் பொதுத் தொலைபேசிப் பெட்டியை 2022 மே மாதம் பெயர்த்தெடுத்தது. வண்டிக்கு உள்ளே எல்லாம் பெருகிக்கொண்டே வர, வெளியே ஒவ்வொன்றாகக் குறைந்தது. முக்கியமாக நிறுத்துமிடம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தெருவில் வண்டியை வீடாகப் பயன்படுத்துவதைத் தடை செய்ததும் 1983இல்தான். அதே ஆண்டில்தான் கூட்டரசின் நில நிர்வாகத் துறை அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களில் குளிர்காலம் முழுக்க வண்டியோடு தங்கும் இடங்களை ஏற்படுத்தியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம்; கட்டணம் பல ஆண்டுகள் 180 டாலராக இருந்தது. நகரம் மூடிய கதவைப் பாலைவனம் திறந்தது என்று சொல்லலாம். மற்ற பொது நிலங்களில் பொதுவாக 14 நாள், பிறகு நகர்ந்துவிட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் சட்டம் தெளிவற்றது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதை ரத்து செய்தது. நகரம் 2016இல் வேறு விதி கொண்டுவந்தது: குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டியில் தங்கக்கூடாது, பள்ளி, பூங்கா அருகில் எந்நேரமும் கூடாது என்றது அந்த விதி. பொது இடத்தில் படுத்துறங்குவதைத் தண்டிக்கும் நகர விதிகள் செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாடகை கொடுக்க முடியாமல் வேனுக்கு வந்தவர்களும், வாடகை கொடுக்க விருப்பமில்லாமல் வேனுக்கு வந்தவர்களும் ஒரே விதியின் கீழ்தான் வருகிறார்கள். முதல் வகையினரைப் பற்றித்தான் ஜெசிகா ப்ரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ எழுதினார். அதுவே பிறகு ஆஸ்கர் வாங்கிய படமாயிற்று.

ஆகவே வண்டியின் தோற்றம் தலைகீழாகிவிட்டது. 1970களின் வேனில் வெளிப்பக்கம் முழுக்க ஏர்பிரஷ்ஷால் வரைந்த சூரிய அஸ்தமனம், டிராகன், மந்திரவாதி. உள்ளே ஒரு மெத்தையும் அரை யூனிட் மின்சாரமும். இன்றைய வேனில் உள்ளே முழு அலுவலகம்; வெளிப்பக்கம் வெறும் வெள்ளை. பலர் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டுவதில்லை. சோலார் பேனலைக் கீழிருந்து தெரியாதபடி கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்கிறார்கள். முன்கண்ணாடிக்கு அளவெடுத்து வெட்டிய கறுப்புத் திரை. சிலர் கூரையில் ஏணி ஒன்றைக் கட்டி, டாஷ்போர்டில் ஒளிரும் பச்சை ஜாக்கெட்டைப் போட்டு, பிளம்பர் வண்டி போல் காட்டிக்கொள்கிறார்கள். அடுத்த தெருவில் நிற்கும் துருப்பிடித்த பழைய வேனுக்கு இந்த வேஷம் பொருந்தாது. போலீஸ் நோட்டீஸ் அதன் கண்ணாடியில்தான் முதலில் ஒட்டப்படுகிறது.