வென்றும் தோற்ற கணக்கு

குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கல்லூரி மலரிலே எழுதுவதா எனப் புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. பந்தயத்தை விதந்தோதுதல் எமது கருத்தன்று. அதனுள் அடங்கிய கணக்கொன்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எம்மைக் கண்கலங்க வைத்தது. அக்கணக்கை விளக்கவே ஈண்டு முற்பட்டோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சீனி கிடைத்தற்கரிய காலம். விடுதியிலே காலைத் தேநீருடன் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு தருவர். இல்ல விளையாட்டுப் போட்டி அணுகியபோது, நூறு மீற்றர் ஓட்டத்தில் யார் வெல்வார் என்று விடுதி மாணவரிடையே பந்தயம் மூண்டது. அவரவர் சேர்த்து வைத்த துண்டுகளை ஒரு பால்மாப் பேணியில் இடுதல். பேணியைக் காப்பவன் தன் உழைப்புக்கு ஐந்திலொன்றை எடுத்தல். வென்ற வீரர்மீது கட்டியோர் எஞ்சியதைத் தாம் கட்டிய அளவுக்கேற்பப் பகிர்தல். இதுவே உடன்படிக்கை.

பேணியிலே 100 துண்டுகள் சேர்ந்தன. அவற்றுள் 90 துண்டுகள் எமது இல்லத்து வீரர் ஒருவர்மீதே கட்டப்பட்டவை. யாம் கட்டியவை 9. ஒன்பது நாள் வெறுந்தேநீர் குடித்துச் சேர்த்தவை அவை. எதிர்பார்த்தவாறே அவ்வீரர் வென்றார். பேணிக்காரன் 20 துண்டுகளை எடுத்துக்கொண்டான். எஞ்சிய 80 துண்டுகளை 90க்குப் பங்கிட்டபோது எம் கைக்கு வந்தவை 8 மாத்திரமே. வென்றும் ஒரு துண்டு நட்டம்! கூச்சல் எழுந்தது, கைகலப்பும் நிகழ்ந்தது. ஓசை கேட்டு வந்த விடுதி மேற்பார்வையாளர் கணித ஆசிரியராகவும் இருந்தமையின், பிரம்பைத் தேடாது வெண்கட்டியைத் தேடினார். "கணக்கிலை பிழையில்லை, தம்பிமார். ஆரோடை பந்தயம் பிடிச்சனியள் எண்டு யோசிச்சனியளோ?" என்றார். (பேணி காத்த நண்பர் இன்று கடல் கடந்த நாடொன்றிற் கணக்காளராக விளங்குகின்றார். பெயரைக் குறிப்பின் இம்மலரை அவர் வாங்காது விடவுங் கூடும்.)

அவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை எனலாம். பந்தயம் பிடிக்கும் முறைகள் இரண்டு. முதலாவது புக்கி முறை. கொழும்பு முதலிய நகரங்களிலே காணப்படும் பந்தயக் கடைகள் இவ்வகையின. இக்குதிரை வென்றால் ஒன்றுக்கு இத்தனை தருவேன் எனப் புக்கி விலை கூறுவார். அவ்விலை தவறாயின் அவர் தம் பணத்தையே இழக்கவும் நேரும். மற்றையது பொதுத்தொகை முறை. சுப்பெயினின் கற்றலோனியப் பகுதியிற் பிறந்து பாரிசு நகரில் வாழ்ந்த யோசெப் ஒலேர் என்பவர் 1860களில் இதனை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். 1889இல் மூலன் ரூச் என்னும் கேளிக்கையரங்கைத் தோற்றுவித்தவரும் இவரே. பிரெஞ்சு அரசு 1891இல் இம்முறையைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது.

இதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நான்கு குதிரைகள் ஓடுகின்றன. முதற் குதிரைமீது 5,000 ரூபாவும், இரண்டாவதன்மீது 2,500 ரூபாவும், மூன்றாவதன்மீது 2,000 ரூபாவும், நான்காவதன்மீது 500 ரூபாவும் கட்டப்பட்டன; மொத்தம் 10,000. நடத்துவோர் நூற்றுக்கு இருபது வீதம் 2,000 ரூபாவை முதலிலே கழித்துவிடுவர். எஞ்சியது 8,000. முதற் குதிரை வென்றால் கட்டிய ரூபா ஒன்றுக்கு 1.60 கிடைக்கும், இரண்டாவது வென்றால் 3.20, மூன்றாவது வென்றால் 4.00; நான்காவது வென்றால் 16.00. எக்குதிரை முந்தினும் நடத்துவோர்க்கு உரியது அதே 2,000. ஆதலின் அவருக்குக் குதிரையைப்பற்றிய கவலை இல்லை. கூட்டம் பெருகவேண்டும் என்பதே கவலை.

நான்காங் குதிரைக்குப் பதினாறு மடங்கா என வியந்து ஒருவர் மேலும் 500 ரூபாவை அதன்மீது கட்டுகிறார் என்க. மொத்தம் 10,500, கழிவு போக 8,400, அக்குதிரைமீது உள்ளது 1,000. இப்போது ரூபா ஒன்றுக்குக் கிடைப்பது 8.40. அவர் விரும்பிய விலையை அவர் பணமே ஏறக்குறைய அரைவாசியாக்கிவிட்டது.

முதற் குதிரைமீது பாதிப் பணம் கட்டப்பட்டமையால், அது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது எனக் கூட்டம் மதிப்பிட்டுள்ளது. அம்மதிப்பு மெய்யேயாயினும், ஒரு ரூபா கட்டியவர் சராசரியாகப் பெறுவது 80 சதமே. நட்டமின்றித் தப்புதற்கே அக்குதிரை நூற்றுக்கு அறுபத்திரண்டரை முறை வெல்லுதல் வேண்டும். குதிரையை நன்கு அறிந்தவர் என்பது போதாது. கூட்டத்தினரிலும் நன்கு அறிந்தவராக, அதுவும் கழிவை ஈடுசெய்யுமளவு மிகுதியாக அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நளன் நாடிழந்த கதையைப் புகழேந்தியார் வெண்பாவிற் பாடினார். ஆயின் நளனுக்கு எதிரே புட்கரன் என்றொருவன் இருந்தான். பொதுத்தொகையிலோ அருகில் நின்று சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் மற்றையோர்க்குப் புட்கரரே. அன்று விடுதியில் எமது இல்லத்தார் ஒருவரையொருவர் எதிர்த்தே கட்டினோம்; தோற்றவர் கட்டிய 10 துண்டுகள் பேணிக்காரனின் கூலிக்கே போதவில்லை. குதிரைப் பந்தயத்திலும் இது நிகழ்வதுண்டு. அமெரிக்க மாநிலங்கள் பல, வென்றவர்க்குக் கட்டிய பணத்துக்கு மேற் சிறிதேனும் கொடுத்தல் வேண்டும் என விதித்துள்ளன. குறைவதை நடத்துவோரே ஈடுசெய்வர். எமது பேணிக்கு அத்தகைய சட்டம் இருந்திலது.

பல சாளரங்களிலே விற்கும் சீட்டுகளை உடனுக்குடன் கூட்டுவது பெருஞ் சிக்கலாயிருந்தது. கிறித்தவ மேற்றிராணியார் ஒருவரின் மைந்தரான யோர்ச்சு யூலியசு என்னும் பொறியியலாளர், தேர்தல் வாக்குகளை எண்ணுதற்கென ஆஸ்திரேலியாவில் ஒரு பொறியை வகுத்தார். அரசு அதனை ஏற்கவில்லை. நியூசிலாந்திலோ 1910ஆம் ஆண்டுச் சட்டம் புக்கிகளை விலக்கியிருந்தது. ஆங்கே ஒக்லாந்து நகரின் எலர்சிலித் திடலில் 1913இல் அவரது பொறி பந்தயக் கணக்கிற்கென நிறுவப்பட்டது. மிதிவண்டிச் சங்கிலிகளும் பியானோக் கம்பிகளும் தொங்கும் பாரங்களுமாக ஒரு கட்டடத்தையே நிறைத்த அப்பொறி, மின்கணினிக்கு முற்பட்ட பெருங் கணக்கியந்திரங்களுள் ஒன்று. வாக்குக்கென எழுந்த கருவி பந்தயத்துக்குப் போயிற்றே என்று யாம் வருந்துவதுண்டு.

கூட்டத்தின் மதிப்பீடு பெரும்பாலும் உண்மையை ஒட்டியே அமையும். எனினும், வெல்லுதற்கரிய குதிரைகள்மீது மக்கள் தகுதிக்கு மிஞ்சிக் கட்டுகின்றனர் என்பதை 1949இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்வந்த ஆய்வுகள் பலவும் அதனை உறுதிப்படுத்தின. இத்தகைய சிறு பிழைகளைத் தேடிப் பொருளீட்டியவரும் உளர். கொங்கொங்கிலே வெற்றிச் சீட்டுக்குரிய தொகையில் நூற்றுக்குப் பதினேழரை கழிக்கப்படுகின்றது. அத்துணைக் கழிவையும் மீறி, பில் பென்ரர் என்னும் அமெரிக்கர் 1980களின் நடுப்பகுதி முதலாக ஆங்குக் கணினியைக் கொண்டு பெரும்பொருள் திரட்டினார். தமது முறையை 1994இல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார்.

இன்று அவ்வழியைப் பின்பற்றும் குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. பெருந்தொகை கட்டுவோர்க்குக் கழிவின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் சில திடல்களில் உண்டு. சாளரத்தில் நின்று நூறு ரூபாய்ச் சீட்டு வாங்குபவர்க்கு அது கிடையாது. அக்குழுக்களின் கணினிகள் பந்தயம் தொடங்குதற்குச் சில விநாடிகளுக்கு முன்னரே பெரும்பணத்தை இடுகின்றன. அதனால், சீட்டு வாங்கியபோது பலகையில் நான்கு மடங்கு எனக் கண்டது, குதிரைகள் பாதித் தூரம் ஓடிய வேளையில் இரண்டரை மடங்காக மாறி நிற்பதும் உண்டு.