பதினேழு விமானங்களை எதிர்த்த ஊர்கள்

ஜெர்மனியின் மிகப் பெரிய விமான நிலையமான பிராங்க்பர்ட்டில் இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே எந்த விமானத்துக்கும் கால அட்டவணையில் இடம் கிடையாது. சரக்கு விமானங்களுக்கு இரவுதான் தொழில் நேரம். லுஃப்தான்சாவின் சரக்குப் பிரிவு மையமாகக் கொண்டிருப்பதும் இதே நிலையத்தைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஓடுபாதைகள் ஆறு மணி நேரம் ஓய்ந்திருக்கின்றன என்றால், அது அரசு மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2012 ஏப்ரல் 4 அன்று உறுதிசெய்த தீர்ப்பின் பலன். விமான இரைச்சலால் அவதிப்படும் மக்கள் எல்லா நாடுகளிலும் மனு கொடுக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், ஆலோசனைக் குழுக்களில் போய் உட்காருகிறார்கள். அவற்றில் பல முயற்சிகள் கூட்டக் குறிப்போடு நின்றுவிடுகின்றன. பிராங்க்பர்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் அனுபவம் காட்டுவது இது: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை விமானம் என்று எழுதிவைத்து, மீறினால் வழக்குப் போடலாம் என்ற நிலை வந்தால்தான் வானம் அடங்குகிறது. அதற்குக் குறைந்த எதுவும் நல்லெண்ண அறிக்கைதான்.

இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. மேற்கு ஓடுபாதை என்ற மூன்றாவது ஓடுபாதைக்காகக் காட்டை வெட்ட முடிவானபோது, எதிர்ப்பாளர்கள் மரங்களுக்கிடையே குடிசை போட்டுத் தங்கினார்கள். 1981 நவம்பரில் காவல்துறை அந்தக் குடிசைகளை அகற்றியது. பொது வாக்கெடுப்புக் கேட்டு 2 லட்சத்து 20 ஆயிரம் கையெழுத்துகள் திரண்டன. மாநில அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1984 ஏப்ரலில் ஓடுபாதை திறக்கப்பட்டது. குடிசைகள் அகற்றப்பட்டதன் ஆறாம் ஆண்டு நாளன்று நடந்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தோடு இயக்கமும் சிதறியது. ஆகவே 1990-களின் பிற்பகுதியில் நான்காவது ஓடுபாதைப் பேச்சு எழுந்ததும், பிராங்க்பர்ட் அமைந்துள்ள ஹெஸ்ஸே மாநிலத்தின் அரசுக்கு இன்னொரு காட்டுச் சண்டையில் விருப்பமில்லை. 1998-இல் ஒரு சமரசக் குழு அமைந்தது. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்துவந்த பாதிரியார் குர்ட் ஓசர், தொழில்வணிகத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் நீட்ஹாமர், ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவராக இருந்த கிளவுஸ் ஹென்ஷ் ஆகிய மூவர் அதை நடத்தினார்கள்.

குடிமக்கள் குழுக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அந்த மேசைக்கே வர மறுத்தன. முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு நம்மிடம் ஒப்பம் வாங்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி சரிதான். 2000 ஜனவரியில் வந்த பரிந்துரை, ஓடுபாதை கட்டலாம் என்றது. ஆனால் இரவு 11 முதல் 5 வரை விமானம் கூடாது என்பதையும் அதனோடு பிரிக்க முடியாதபடி கட்டியது. அரசியல் தலைவர்கள் இரண்டையும் ஏற்பதாக மேடைதோறும் சொன்னார்கள். 2007 டிசம்பரில் அனுமதி ஆணை வெளியானபோது ஓடுபாதை முழுதாக இருந்தது, இரவுத் தடை முழுதாக இல்லை. தடை நேரத்துக்குள் சராசரியாக இரவுக்கு 17 விமானங்கள் பறக்கலாம் என்று ஆணை சொன்னது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தை நடத்தும் ஃபிராபோர்ட் நிறுவனத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் ஹெஸ்ஸே மாநிலத்திடமும் பிராங்க்பர்ட் நகரத்திடமும் இருக்கின்றன. அனுமதி கொடுப்பவரும் லாபத்தில் பங்கு பெறுபவரும் ஒருவராக இருக்கும்போது, வாய்ச்சொல்லை யார் காப்பாற்றப் போகிறார்கள்?

ஆஃபன்பாக் முதலிய நகராட்சிகளும் தனி வீட்டுக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 2009 ஆகஸ்டில் காசல் நகரின் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம், விரிவாக்கம் சட்டப்படி சரி, 17 விமானங்கள் சரியில்லை என்றது. இரவு உறக்கத்துக்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்று ஜெர்மன் வான்போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. மாநிலத்தின் வளர்ச்சித் திட்ட ஆவணமும் இரவுத் தடையின் பக்கம்தான் நின்றது. சமரச மேசையில் பேசியது அந்த ஆவணத்தில் ஏறியிருந்ததால்தான் நீதிபதிகளுக்குப் பிடிப்புக் கிடைத்தது. மேசைக்கு வராதவர்களின் விடாப்பிடி இல்லாவிட்டால் போராட்டம் உயிரோடு இருந்திருக்காது. மேசையில் உட்கார்ந்தவர்கள் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட ஓர் அளவுகோல் இருந்திருக்காது. அரசு மேல்முறையீடு செய்தது. 2011 அக்டோபர் 21 அன்று பிரதமர் அங்கெலா மெர்கலின் விமானம் இறங்கப் புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே காசல் நீதிமன்றம் இரவு விமானங்களை நிறுத்திவைத்துவிட்டது. இறுதித் தீர்ப்பும் அதையே நிலைநாட்டியது.

மக்கள் ஏன் டெசிபல் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள்? இரைச்சலை அளக்க அரசுகள் பயன்படுத்துவது பெரும்பாலும் சராசரி. நாள் முழுதும் விழுந்த ஒலியின் ஆற்றலைக் கூட்டி நேரத்தால் வகுத்து ஓர் எண்ணைத் தருகிறார்கள். இந்தக் கணக்கில் விமானங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் அளவு வெறும் 3 டெசிபல்தான் இறங்கும். அதையே திருப்பிப் போட்டால், ஒவ்வொரு விமானமும் 3 டெசிபல் சத்தம் குறைந்து, எண்ணிக்கை இரட்டிப்பானால், தாளில் எந்த மாற்றமும் தெரியாது. தூங்குகிறவரோ இரண்டு மடங்கு முறை எழுப்பப்படுவார். புதிய விமானங்கள் அமைதியானவை என்று நிறுவனங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த அமைதி முழுவதும் கூடுதல் விமானங்களுக்கே செலவாகிவிட்டால் கீழே இருப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

சராசரியின் குறைபாட்டை அரசுகளே ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கிறது. அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வை 2021-இல் வெளியிட்டது. பகல்-இரவுச் சராசரி 65 டெசிபல் உள்ள இடத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர்தான் கடும் தொல்லைக்கு உள்ளாவார்கள் என்பது பழைய கணக்கு. புதிய ஆய்வில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. பிராங்க்பர்ட் வட்டாரத்திலோ நோரா என்ற பெரிய ஆய்வு நடந்தது. சத்தம் 10 டெசிபல் கூடும் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் சுமார் ஒரு மாதம் பின்தங்கியது தெரிந்தது. இரவுத் தடைக்குப் பின் விமானச் சத்தத்தால் விழிப்பது இரவுக்கு இரண்டு முறையிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அதே ஆய்வு, காலையில் மக்கள் முன்னைவிடத் தெளிவாக எழுந்ததாகச் சொல்லவில்லை. இரத்த அழுத்தத்தோடு உறுதியான தொடர்பையும் காட்டவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. விழிப்பு குறைந்தது என்ற ஒன்றே தடைக்குப் போதுமான நியாயம் என்பது என் எண்ணம்.

விமான நிலையம் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினார்கள் என்பது வழக்கமான மறுப்பு. நிலையம் 1936-இலிருந்து இருக்கிறது, உண்மை. ஆனால் ஃப்ளோர்ஸ்ஹைம் நகரின் கூரைகளுக்கு மேல் தாழப் பறக்கும் பாதை 2011-இல் வந்தது. விமானத்தின் பின்னே எழும் காற்றுச்சுழல் அங்கே ஓடுகளைப் பெயர்த்து எறிந்ததும் அதன் பின்னர்தான். வேலைவாய்ப்பு என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆனால் தடை வந்த பிறகும் பிராங்க்பர்ட் சரக்கில் ஐரோப்பாவின் முன்வரிசையிலேயே இருக்கிறது. எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி வேறு: ஓரிடத்தில் தடுத்த இரைச்சல் இன்னோரிடத்துக்குப் போகாதா? போகும். 2004-இல் பிரஸ்ஸல்ஸில் கூடுதல் இரவு விமானங்களுக்கு அனுமதி கிடைக்காததால் சரக்கு நிறுவனமான டிஹெச்எல் தன் ஐரோப்பிய மையத்தை லைப்சிக்குக்கு மாற்றியது. இன்று அந்த வட்டார மக்கள் இரவெல்லாம் சரக்கு விமானங்களைக் கேட்கிறார்கள். இரவு அமைதிக்கு மதிப்புக் கொடுத்துத் தீர்ப்பு எழுதிய நீதிமன்றம் அதே நகரில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. ஆனால் இரைச்சல் இப்படி இடம் மாறுவது தடை கேட்ட மக்களின் குற்றமல்ல. எல்லா இடத்துக்கும் ஒரே விதி இல்லாததன் விளைவு. விதி ஊருக்கு ஊர் மாறும்வரை நிறுவனங்கள் எதிர்ப்புக் குறைந்த ஊரைத் தேடிப் போகத்தான் செய்யும்.

பிராங்க்பர்ட்டிலும் கணக்கு முடியவில்லை. ஜெர்மன் சட்டத்தில் இரவு என்பது 10 முதல் 6 வரை எட்டு மணி நேரம். தடையோ ஆறு மணி நேரத்துக்குத்தான். இரு ஓரங்களிலும் எஞ்சிய இரண்டு மணி நேரத்தில் ஆண்டுச் சராசரியாக இரவுக்கு 133 விமானங்கள் வரை பறக்கலாம். 2015-இல் ஓடுபாதைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, சில பகுதிகளுக்கு ஏழாவது மணி நேர அமைதியைத் தரும் ஏற்பாடு தொடங்கியது. ஒரு பகுதிக்குக் கிடைத்தது இன்னொரு பகுதியின் சுமையானது. 2017-இல் மாநில அரசும் ஃபிராபோர்ட்டும் விமான நிறுவனங்களும் இரைச்சலுக்கு ஓர் உச்சவரம்பு என்று கையெழுத்திட்டார்கள். அது தாமாக ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். அதன் அடிப்படையும் சராசரிதான். முனையம் 1-இன் கூடத்தில் 2011 முதல் திங்கள் மாலைகளில் கூடிய எதிர்ப்பாளர்கள் கேட்டது எட்டு மணி நேரம். அதை எழுதித் தரும் சட்டம் இன்னும் வரவில்லை.