"வேண்டாம்னு போனவங்க திரும்பி வந்தா?" - ஐஸ் மேல ஒரு கம்பேக்கும் அதைத் தாங்கிப் பிடிக்கும் ரசிகர்களும்!

2025 மார்ச் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப், பெண்கள் பிரிவு. கடைசி ஆளாக ஐஸில் இறங்குகிறார், தங்க நிற உடை போட்ட 19 வயசுப் பெண். பின்னணியில் டோனா சம்மரின் டிஸ்கோ பாட்டு. நான்கு நிமிஷம்தான். ஆட்டம் முடியறதுக்குள்ள மொத்த அரங்கமும் எழுந்து நின்னுடுச்சு. ஸ்கோர் வந்ததும் அதிகமா ஷாக் ஆனது அந்தப் பெண்தான்.

பெயர் அலிசா லியூ. கிட்டத்தட்ட மூணு வருஷத்துக்கு முன்னாடி, '16 வயசுல ரிட்டயர்டு' என்று தலைப்புச் செய்தி ஆனவர். அந்த மூணு வருஷமும் அவரோட பழைய வீடியோக்களை ஓடவிட்டுக்கிட்டு இருந்த ரசிகர்களுக்கு, அந்த நாலு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்?

அவர் ஏன் போனார்?

அலிசா 2019-ல் அமெரிக்க தேசிய சாம்பியன் ஆனபோது வயசு 13. அந்தப் பட்டத்தை வென்றவர்களிலேயே இளையவர். வெற்றி மேடையின் உயரம் எட்டாமல், பக்கத்தில் நின்ற அக்காக்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அடுத்த வருஷமும் அவரே சாம்பியன். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக், அடுத்த மாதமே உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். ஏப்ரலில், "போதும்" என்று கிளம்பிவிட்டார்.

சின்ன வயசிலிருந்தே ரிங்க், பயிற்சி, போட்டி என்று ஓடிய பெண் அவர். ரிங்க் பக்கம் போகவே பிடிக்காத நாள்கள் இருந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். நாம கைதட்டிக்கிட்டு இருந்தது அந்த நாள்களுக்கும் சேர்த்துத்தான். ரசிகர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும் உண்மை.

போனவர் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை மலையேறினார். கல்லூரியில் சைக்காலஜி சேர்ந்தார். 2024 ஆரம்பத்தில் பனிச்சறுக்குக்குப் போனபோது, அந்த வேகம் பழைய ஞாபகத்தைக் கிளறிவிட, மறுபடி ஸ்கேட் மாட்டிப் பார்த்தார். மார்ச்சில் அறிவிப்பு வந்தது. இந்த முறை பாட்டு, உடை, பயிற்சி, சாப்பாடு எல்லாம் அவரோட முடிவுதான்.

திரும்பி வர்றது ஏன் இவ்ளோ கஷ்டம்?

முதல் காரணம், உடம்பு. ஒரு டிரிபிள் ஜம்ப்பில் காற்றில் இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதுக்குள்ள மூணு சுற்று சுற்றி, சில மில்லிமீட்டர் அகலமுள்ள பிளேடின் ஓரத்தில், ஒற்றைக் காலில் இறங்கணும். 13 வயசு உடம்புக்குப் பழகின டைமிங், வளர்ந்த உடம்புக்குப் பொருந்தாது. எல்லாத்தையும் புதுசா கத்துக்கணும்.

இரண்டாவது, விதிகள். பழைய பெயரை வெச்சுக்கிட்டு நேரா உலக சாம்பியன்ஷிப்புக்குள்ள நுழைய முடியாது. குறைந்தபட்ச டெக்னிக்கல் ஸ்கோரை சமீபத்திய சர்வதேசப் போட்டியில் எடுத்திருக்கணும். தென்கொரியாவின் யூனா கிம் ஒலிம்பிக் சாம்பியன்தான். ஆனாலும் இடைவெளிக்குப் பிறகு 2012 டிசம்பரில் ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்த சின்னப் போட்டியில்தான் ஆரம்பிச்சார். மூணு மாசத்தில் மறுபடி உலக சாம்பியன்! அலிசாவும் 2024 அக்டோபரில் புடாபெஸ்டில் ஒரு சின்னப் போட்டியில் ஜெயித்துத்தான் தொடங்கினார்.

மூணாவது, மார்க். 13 வயசில் அலிசா செய்த டிரிபிள் ஆக்சல், பாஸ்டனில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஜம்ப்பும் ஸ்பின்னும் எவ்ளோ சுத்தமா இருக்குன்னு நடுவர்கள் -5 முதல் +5 வரை தனியா மதிப்பிடுவாங்க. நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறனுக்கும் தனி மார்க் உண்டு. சின்ன வயசைவிட எளிமையான ஜம்ப்களோட, ரசிச்சு ஆடி, 222.97 மார்க் எடுத்தார்.

எல்லா கம்பேக்கும் தங்கத்தில் முடியாது

ஜப்பானின் மாவோ அசாதாவை எடுத்துக்கோங்க. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் சொதப்பி 16-வது இடம். மறுநாள் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டு, ஐஸிலேயே அழுதார். பதக்கம் இல்லை, ஆறாவது இடம். ஆனால் அவரோட ரசிகர்கள் முதலில் சொல்வது அந்த ஆட்டத்தைத்தான்.

ஒரு வருஷ ஓய்வுக்குப் பிறகு 2015-ல் திரும்பினார். வந்த வேகத்தில் சீனாவில் நடந்த கிராண்ட் ப்ரீ போட்டியில் முதலிடம். அப்புறம் முழங்கால் படுத்த ஆரம்பிச்சது. 2016-ல் இதே பாஸ்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஏழாமிடம். அந்த வருஷ டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியில் 12-வது. 2017 ஏப்ரலில் விடைபெற்றார்.

அதே ஊர், அதே போட்டி. ஒருத்தருக்குத் தங்கம், இன்னொருத்தருக்கு ஏழாமிடம். ஆனால் மாவோவின் ரசிகர்கள் அந்த ரெண்டு வருஷத்தை வீண்னு சொல்வதில்லை. அவரை இன்னொரு முறை ஐஸில் பார்க்கக் கிடைச்ச நாள்கள் அவை.

அப்போ ரசிகர் என்ன பண்ணணும்?

இந்த விளையாட்டின் ரசிகர்களுக்குன்னு சில பழக்கங்கள் உண்டு. ஆட்டம் முடிஞ்சதும் ஐஸ் மேல மென்பொம்மைகளை வீசுவாங்க. குட்டி ஸ்கேட்டர்கள் ஓடிவந்து பொறுக்குவாங்க. பூ வீசுறதா இருந்தா இறுக்கமா கவர் சுத்தியிருக்கணும். ஒரு இதழ் ஐஸில் கிடந்தாலும் அடுத்து ஆடுபவர் பிளேடு தடுக்கி விழலாம். அதாவது, உங்க அன்பு யாரோட காலையும் இடறக் கூடாது.

கம்பேக் கொடுப்பவரை ரசிக்கிறதுக்கும் இதே விதி பொருந்தும். "பழைய ஜம்ப் எங்கே?", "வெயிட் போட்டுட்டாங்களே"ன்னு கமென்ட் போடுறது, கவர் சுத்தாத பூவை வீசுற மாதிரிதான். பழைய ஆளே திரும்பி வரணும்னு எதிர்பார்க்காதீங்க. வந்திருப்பவர் வேற ஆள்.

2026 பிப்ரவரியில் மிலன் ஒலிம்பிக்கில் அலிசா தங்கம் வென்றார். பெண்கள் தனிநபர் பிரிவில் அமெரிக்காவுக்கு 24 வருஷம் கழிச்சுக் கிடைத்த தங்கம் அது. நாளைக்கே அவர் மறுபடி "போதும்"னு சொல்லலாம். அப்பவும் எழுந்து நின்னு கைதட்ட முடிஞ்சா, நீங்க நிஜமான ஃபேன்!