ரெண்டு மானிட்டர் மாட்டினாலும் ஒரே படம்தானா? கறுப்புத் திரை லினக்ஸில் என்ன நடக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பரணுக்குப் போக இருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே என்ற யோசனை பல வீடுகளில் வந்திருக்கும். நல்ல யோசனைதான். ரேம் ஒரு ஜிபி-தான் இருக்கிறதா? ஐகான், வால்பேப்பர், மவுஸ் எதுவும் இல்லாமல், கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடுகிற 'கன்சோல்' போதும். போட்டோக்களைச் சேமித்து வைக்கும் வீட்டு சர்வராகவோ, பிள்ளைகள் புரோகிராமிங் பழகும் மெஷினாகவோ அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

சிக்கல் இரண்டாவது மானிட்டரில் ஆரம்பிக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதையும் மாட்டுவோம். ஒன்றில் பாடத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றில் டைப் செய்யலாம் என்பது கணக்கு. ஆனால் ஆன் செய்தால் இரண்டிலும் ஒரே வரி, ஒரே கர்சர். பெரிய மானிட்டரில் இன்னொரு வேடிக்கை. எழுத்தெல்லாம் இடது மேல் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும், மிச்ச இடம் காலி. இதைப் பார்த்தால் யாருக்கும் 'கேபிள் போச்சு', 'கிராபிக்ஸ் கார்டு போச்சு' என்றுதான் தோன்றும். பர்ஸை எடுக்காதீர்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

காரணம் இதுதான்

கன்சோலில் நீங்கள் டைப் செய்வதை லினக்ஸ் ஒரு பலகையில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகை மெமரியில் இருக்கிறது. அதற்கு 'ஃப்ரேம்பஃபர்' என்று பெயர். சாதாரணமாக ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பலகைதான். கார்டில் எத்தனை மானிட்டர் மாட்டினாலும், எல்லாம் அதே பலகையைத்தான் எட்டிப் பார்க்கின்றன. சின்ன மானிட்டரிலும் முழுதாகத் தெரியவேண்டுமே என்று எழுத்தைச் சின்ன அளவுக்குள் அடக்கிவிடுகிறது லினக்ஸ். பெரிய மானிட்டரின் காலி இடத்துக்கு அதுதான் காரணம். சின்னதைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பெரியது முழுக்க நிறையும்.

40 வருடத்துக்கு முன்னால் இது சுலபமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? 1981-ல் வந்த ஐபிஎம் பிசி-க்கு கறுப்பு வெள்ளை கார்டு, கலர் கார்டு என இரண்டு வகை இருந்தன. இரண்டும் மெமரியில் வேறு வேறு இடத்தைப் பயன்படுத்தியதால், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் செருகலாம். புரோகிராம் எழுதுகிறவர்கள் கலர் மானிட்டரில் புரோகிராமை ஓடவிட்டு, பக்கத்து மானிட்டரில் அதன் தப்பைத் தேடுவார்கள். அந்தப் பழைய கார்டுகளுக்காகவே லினக்ஸிலும் தனி டிரைவர் இருந்தது. கிராபிக்ஸ் திரை வந்து கன்சோலை ஓரம் கட்டிய பிறகு, அதற்கு யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டு பலகை கிடைக்கும். லினக்ஸ் பூட் ஆகும்போது 'எஃப்பிகான் மேப்' என்ற ஆப்ஷனில் 01 என்று கொடுத்தால், ஒற்றைப்படை கன்சோல்கள் முதல் கார்டுக்கும் இரட்டைப்படை கன்சோல்கள் இரண்டாவது கார்டுக்கும் போகும். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்1, எஃப்2 என்று தட்டினால் கன்சோல் மாறுமே, அந்த எண்கள்தான் இவை. ஆனால் கீபோர்டு ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு கன்சோலில்தான் டைப் செய்ய முடியும். இதற்காகவே புதிதாக ஒரு கார்டு வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

உண்மையில் இரண்டாவது மானிட்டரே தேவையா என்றும் யோசியுங்கள். அந்தக் கால டெக்ஸ்ட் திரையில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. இன்றைய 1920-க்கு 1080 ஃபுல் ஹெச்டி மானிட்டரில், வழக்கமான 8-க்கு 16 புள்ளி எழுத்தில் வரிக்கு 240 எழுத்து, 67 வரி பிடிக்கும். பழைய திரைகள் கிட்டத்தட்ட ஆறு ஒன்றில் அடங்கிவிடும்! 'டிமக்ஸ்' என்ற இலவச புரோகிராம் இந்தப் பாகப்பிரிவினையைச் செய்துதரும். கண்ட்ரோல்-பி தட்டி, சதவிகிதக் குறியை அழுத்தினால் திரை இடம் வலமாகப் பிரியும். இரட்டை மேற்கோள் குறி என்றால் மேல் கீழாக. கண்ட்ரோல்-பி தட்டி அம்புக்குறியை அழுத்தினால் பக்கத்துக் கட்டத்துக்குப் போகலாம். கண்ட்ரோல்-பி, பிறகு 'டி' அழுத்தினால் வேலையை அப்படியே ஓடவிட்டு வெளியே வந்துவிடலாம். பிறகு திரும்பிவந்தால் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

இல்லை, இரண்டு மானிட்டரும் வேண்டும் என்கிறீர்களா? வீட்டில் இன்னொரு பழைய சிபியு அல்லது லேப்டாப் இருந்தால் அதில் இரண்டாவது மானிட்டரை மாட்டி, 'எஸ்எஸ்ஹெச்' மூலம் முதல் கம்ப்யூட்டருக்குள் நுழையுங்கள். இரண்டு திரை, இரண்டு கீபோர்டு, கம்ப்யூட்டர் வேலை ஒன்றில். அண்ணனும் தங்கையும் சண்டை போடாமல் ஒரே மெஷினில் பழகலாம். மெஷின் கொஞ்சம் வசதியானது என்றால், 'ஐ3' மாதிரி எளிமையான கிராபிக்ஸ் சூழலைப் போட்டு டெர்மினல்களை இரண்டு மானிட்டரிலும் பரப்பிவிடலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வழிதான் சரி. லினக்ஸ் கன்சோலின் ஃபான்ட்டில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களுக்குத்தான் இடம். கொம்பு, கால் எல்லாவற்றையும் உரிய இடத்தில் பொருத்தி எழுதும் வித்தையும் அதற்குத் தெரியாது. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் அங்கே வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும்.