நோயாளியின் தட்டில் மிஞ்சிய உணவு

வைத்தியசாலையிலே படுத்திருக்கும் ஒருவரிடம், "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "குறை ஒன்றும் இல்லை" என்றே பெரும்பாலும் விடை வரும். தம்மைப் பராமரிப்போரின் மனம் நோகக்கூடாது என்ற பண்பு அதற்கு ஒரு காரணம். குறை சொன்னால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொரு காரணம். ஆனால், கட்டிலருகே இருக்கும் தட்டுக்கு முகதாட்சண்யம் தெரியாது. பாதியில் நின்ற சாப்பாடும், தொடப்படாத கறியும், ஆடை படர்ந்து ஆறிப்போன பாலும் உண்மையை ஒளிக்காமற் கூறிவிடும். அத்தட்டைக் கழுவுமுன் அது கூறுவதை யார் கேட்கிறார்கள் என்பதே கேள்வி.

ஸ்கூட்டாரியின் சமையற்கூடம்

இக்கேள்வி புதியதன்று. கிரிமியாப் போரிலே காயமுற்றும் நோயுற்றும் வீழ்ந்த ஆங்கிலப் போர்வீரர்கள், இன்று இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியாக விளங்கும் ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தம் தாதியருடன் அங்குபோய்ச் சேர்ந்தார். அங்கே இறைச்சி எலும்போடு சேர்த்தே நிறுத்துப் பங்கிடப்பட்டது. ஆதலால், ஒருவருக்குத் தசை கிடைக்க, அடுத்தவருக்கு எலும்பே கிடைத்தது. தத்தம் பங்கை அடையாளங் காண்பதற்காகப் பொத்தான், கந்தைத் துணி முதலியவற்றை இறைச்சியோடு இறுகக் கட்டிப் பெரிய செப்புக் கொப்பரையில் இட்டு அவித்தனர். வெளியே வெந்த இறைச்சி உள்ளே பச்சையாகவே இருந்தது. சத்து இறங்கிய நீரோ வீணே கொட்டப்பட்டது.

1855ஆம் ஆண்டில் அலெக்சிஸ் சோயர் என்பவர் தாமாகவே முன்வந்து ஸ்கூட்டாரிக்குச் சென்றார். இவர் பிரான்சிற் பிறந்து, லண்டனில் ரிபோம் கிளப்பின் தலைமைச் சமையற்காரராக இருந்து புகழ் பெற்றவர். இறைச்சியை இறுகக் கட்டாது தளர்த்தி வேகவிடச் செய்தார்; கொட்டப்பட்ட நீரைக் கொண்டு சுவையான சூப் ஆக்கினார். படையினருக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட பொருள்களே உண்ணத்தக்க உணவாயின. பொருட் குறைவினும் கவனக் குறைவே பெரிது என்பதை அச்சமையற்கூடம் காட்டிற்று.

நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தாதியர் பணி பற்றிய நூலில், உணவூட்டலுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்தார். வேண்டிய உணவு நிறைந்திருக்கும் இடத்திலேயே, அதை உண்பிக்கும் முறையிற் கவனமில்லாமையால், ஆயிரக்கணக்கான நோயாளர் பட்டினி கிடக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. நோயாளி எந்த வேளையில் உண்ணக்கூடியவர் என்பதை அறிய வேண்டும். தட்டை நிரப்பி அவரை மலைக்கச் செய்யலாகாது. உண்ணாத உணவைப் பிறகு உண்பாரென்று கட்டிலருகே விட்டுவைக்கலாகாது என்றெல்லாம் அவர் அறிவுறுத்தினார்.

தராசு கூறிய உண்மை

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. ஸ்கொத்லாந்தின் டண்டி நகர வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட 500 நோயாளரைப் பரிசோதித்த வைத்தியர்கள், அவர்களுள் 200 பேர் போசணைக் குறைவுடையோர் என 1994இல் அறிவித்தனர். மீண்டும் பரிசோதிக்கப்பட்டோர் பலர், வைத்தியசாலையில் இருந்த காலத்தில் மேலும் எடை இழந்திருந்தனர். 2000ஆம் ஆண்டில் நொட்டிங்காம் நகரிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. வாட்டுகளுக்கு அனுப்பிய உணவையும் திரும்பி வந்த உணவையும் அவ்வாய்வாளர் நிறுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 40 பங்கிற்கு மேல் வீணாகியிருந்தது. தேவைக்குப் போதிய உணவு அனுப்பப்பட்டிருந்தும், நோயாளர் உண்டது தேவையின் நூற்றுக்கு 80 பங்கிற்கும் குறைவே.

குப்பைத் தொட்டி நிறைகிறது. நோயாளியின் வயிறோ குறைகிறது. பண விரயம் ஒருபுறமிருக்க, போதிய ஊட்டமில்லாத உடலிற் புண் ஆறுவது தாமதமாகும். தொற்றுநோய் எளிதிற் பற்றும். வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகும்.

உணவு மிஞ்சுவதற்குச் சமையலின் சுவையின்மை மாத்திரம் காரணமன்று. நோயே பசியை அடக்கிவிடும். சில மருந்துகள் நாவின் சுவையை மாற்றிவிடும். உணவு வரும் வேளையில் நோயாளி பரிசோதனைக்காக வேறிடம் சென்றிருப்பார். திரும்பி வரும்போது அது ஆறிப் போயிருக்கும். எழுந்திருக்க இயலாத முதியவருக்குக் கையெட்டாத தூரத்தில் தட்டு இருக்கும். அவர் உண்ணாதது கண்டு, பசியில்லைப் போலும் என்று எண்ணித் தட்டை எடுத்துச் செல்வர். அவருக்குப் பசி இருந்தது. ஊட்ட ஒரு கைதான் இருக்கவில்லை.

இதற்குப் பரிகாரமும் உண்டு. நொட்டிங்காம் ஆய்வாளர் முதியோருக்கு உணவின் அளவைக் குறைத்து, சிறிய அளவிலேயே கூடுதலான சத்துச் சேரும்படி சமைப்பித்தனர். வீணாவது குறைந்தது, முதியோர் பெற்ற உணவுச் சக்தி கூடிற்று. உண்பதற்குத் துணை வேண்டியவருக்குச் சிவப்புத் தட்டில் உணவு வைத்து அடையாளங் காட்டும் வழக்கம் பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றிற் பரவியது. அவசரமில்லாத பரிசோதனைகளையும் வைத்தியரின் சுற்று வருகையையும் உணவு வேளையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆயினும், தட்டின் நிறம் ஊட்டிவிடாது. அதைக் கண்டு அருகில் வந்து அமரும் ஒருவர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் உணவு இலவசமாகக் கிடைக்கிறது. அத்துடன், பார்வையிடும் நேரத்தில் வீட்டிலிருந்தும் உணவுப் பொதிகள் வந்துவிடுகின்றன. அன்பு மிகுதியாற் பெரிய பொதியாகக் கட்டிச் செல்கிறோம். நோயாளியோ இரண்டு கவளம் உண்டு, "போதும்" என்கிறார். வைத்தியசாலைச் சோறு ஒருபுறமும் வீட்டுச் சோறு மறுபுறமுமாக, இரண்டும் வீணாகின்றன.

ஆதலின், எதைக் கொடுக்கலாம் என்று முதலில் தாதியைக் கேட்டறிவது நன்று. நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு நாம் விரும்பிக் கொடுப்பதே தீங்காதல் கூடும். கொண்டு செல்வது சிறிதாகவும் மென்மையாகவும் இருக்கட்டும். கட்டிலைச் சூழ்ந்து ஊர்க்கதை பேசுவதினும், ஒருவர் அமைதியாக அருகிருந்து, தலையணையை உயர்த்தி, மெல்ல உண்ணச் செய்வது மேலானது. எவ்வளவு உண்டார், எதை ஒதுக்கினார் என்பதைத் தாதியிடம் கூறுதல் மிகமிக முக்கியம்.

காய்ச்சலின் அளவைக் குறித்து வைக்கிறோம். நாடித் துடிப்பை எண்ணுகிறோம். தட்டில் மிஞ்சிய உணவும் அவ்வாறே கவனிக்கத் தக்க ஓர் அறிகுறியாகும். அடுத்தமுறை உங்களவர் ஒருவரைப் பார்க்கச் செல்லும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நின்றுவிடாது, தட்டையும் ஒருமுறை பாருங்கள்.